நாற்றம் நின்றுவிட்டால்

எனக்கு ஜப்பானும் வேண்டாம், வெந்நீர் ஊற்றும் வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்? மகள் அங்கே வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய தீப்பெட்டி வீட்டில் பத்து நாள் முட்டிக்கொண்டு கிடந்த எங்களைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போல. மலைமேல் இரண்டு விடுதிகளில் விடுதிக்கு ஒரு நாளாக இடம் போட்டுவிட்டாள். பழங்காலத்து மர வீடுகள், பாயில் படுக்கை, வீட்டுக்குள்ளேயே ஊற்றுத் தண்ணீர்க் குளியல், அம்மாவின் முட்டிவலிக்கு நல்லது என்றாள். முட்டிவலிக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் என் மனைவி கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் குதிப்பாள்.

பேருந்து மலை ஏறி நின்றது. கதவு திறந்ததும் உள்ளே வந்தது அழுகிய முட்டை நாற்றம், வெந்நீர் ஊற்றின் கந்தக நாற்றம். மற்றவர்கள் எல்லாம் கோயில் வாசலில் நிற்பவர்கள் மாதிரி மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் நின்றேன். "ஏனுங்க, எறங்குங்க, பின்னால ஆளு நிக்கறாங்க" என்று மனைவி முதுகில் குத்தினாள்.

ஏன் நின்றேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் முப்பது வருடம் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். போத்தனூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். கறுப்புச் சாயம் போடுகிற பட்டறைக்காரனுக்கு இந்த நாற்றத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் அது எந்நேரமும் இருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தொட்டியில் அடைப்பு. தாராபுரத்துப் பக்கத்து ஆள் ஒருவர் அதையெல்லாம் பார்த்துக்கொள்வார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை வா, போ என்பேன். அவர் என்னை வாங்க, போங்க என்பார். எங்கள் ஊரில் அது அப்படித்தான், யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. காலையில் நாற்றம் தாங்கவில்லை. மத்தியானம் நான் தொட்டி வாய்க்குமேல் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நாத்தமே இல்லியே, எறங்கு" என்றேன். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "சரிங்க" என்று இறங்கினார். அவ்வளவுதான். அவரைக் கயிறு போட்டுத்தான் மேலே எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரிதான் அந்த வாயுவின் குணத்தை எனக்குச் சொன்னார். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைச் சாகடிக்கும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றுகிற நேரம்தான் கண்டம். அதைக் கேட்டுக்கொண்டே அவரிடம் நான் சொன்னேன்: "நாத்தம் பலமா இருக்குது, எறங்காதேன்னு சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போனேனுங்க. அந்த ஆளு தானா எறங்கிட்டாருங்க." எழுதிக்கொண்டார்கள். முடிந்தது.

ஆனால் செத்துப்போனவரின் மனைவி விடவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "சொல்லாம எறங்கற ஆளுங்களா அவுரு?" என்று கேட்டார். நான் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. என் மனைவிதான் தண்ணீர் கொடுத்து, அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாருங்க. எங்கொழந்த மேல சத்தியமுங்க." கதவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். போலீசுக்குப் பயப்பட்டது அந்த வருடத்தோடு போய்விட்டது. இவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம் மட்டும் ஒருநாளும் என்னை விட்டதில்லை. அந்தப் பயத்தோடுதான் அன்று பேருந்தை விட்டு இறங்கினேன்.

முதல் விடுதியில் ஒரு மனுஷர் கண்ணில் படவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். திரும்பி வந்து பார்த்தால் செருப்பு வெளியே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற மாதிரி. யார் வைத்தார்கள்? தெரியாது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அறையில் இருந்த மேசை காணாமல் போய், இரண்டு மெத்தைகள் விரித்து, போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதுவும் யாரென்று தெரியாது. காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. திறந்தால் நீளமாக நடைகூடம், வழவழவென்று மரத்தரை, ஆள் இல்லை. "நல்ல பழக்கமுங்க, தொந்தரவே இல்ல" என்றாள் என் மனைவி. எனக்கு முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருந்தது.

அங்கே பொதுக் குளியல்தான், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உடம்பில் பொட்டுத் துணி இருக்கக் கூடாது என்று தெரிந்ததும் என் மனைவி, "அடச்சீ! அதுக்கு எம் முட்டி வலிச்சுட்டே கெடக்கட்டும்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் மட்டும் போனேன். உள்ளே ஆவி, கை நீட்டினால் கை தெரியவில்லை. தண்ணீர் பால் வெள்ளை. மூக்கில் அதே நாற்றம். ஆவி கொஞ்சம் விலகியபோது தொட்டியின் விளிம்பில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தது தெரிந்தது. தலையில் துண்டு. ஒல்லி முதுகு, எண்ணிவிடலாம் போல முதுகெலும்பு. தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையில் துண்டு வைத்துக்கொள்வது அந்த ஊர்க் குளியல் வழக்கம் என்று மகள் சொல்லியிருந்தாள். தெரியும். தெரிந்து என்ன? என் வாய் தானாக, "எறங்காதீங்க" என்றது. அவர் திரும்பவில்லை. மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினார், ஆவி மூடியது. மறுபடி விலகியபோது அங்கே யாரும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு கதவு இருந்திருக்கும், எழுந்து போயிருப்பார். நான் அந்தக் கதவைத் தேடிப் பார்க்கவில்லை. ஈர உடம்போடு ஓடி வந்துவிட்டேன். தாராபுரத்து ஆளுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை என்று அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் இரண்டாவது விடுதிக்கு நடந்தே போனோம். பாதை ஒரு பள்ளத்தின் ஓரமாகப் போனது. சுற்றிலும் பனி, அந்தப் பள்ளத்தில் மட்டும் பனியும் இல்லை, புல்லும் இல்லை. மஞ்சள் பூத்த கல், கல்லுக்கு நடுவில் புகை. கயிறு கட்டி ஏதோ எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. இறக்கை கொஞ்சமும் கலையாமல், தூங்குகிற மாதிரி. "ஐயோ பாவம், தண்ணி குடிக்க எறங்கிருக்கும்" என்றாள் என் மனைவி. நான் அவள் கையைப் பிடித்து வேகமாக நடக்கவைத்தேன். "என்னங்க இப்புடி இழுக்கறீங்க, என்னைய உங்க பட்டறை ஆளுன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தாள்.

அந்த விடுதியின் சொந்தக்கார அம்மாள் வாசலிலேயே மண்டியிட்டு வணங்கினார். நாங்களும் வணங்கினோம். அவர் மறுபடி வணங்கினார். சும்மா விடுவோமா? நாங்களும் மறுபடி. கொங்கு நாட்டுக்காரனுக்கு மரியாதையில் தோற்றுப்போக மனசு வராது. அங்கே குடும்பத்துக்குத் தனியாகப் பூட்டிக்கொண்டு குளிக்கிற ஓர் அறை இருந்தது. தோட்டத்து ஓரமாக, பனிக்கு நடுவில், மரக்கொட்டகை. அறுபது வயதிருக்கும் பணிப்பெண் ஒருவர் எங்களை அழைத்துப் போய்க் காட்டினார். தரையை ஒட்டிச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு நீளமாகத் திறப்பு இருந்தது. அவர் அதைக் கையால் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, நிறையச் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் அவர் மனசு சங்கடப்படுமே என்று, "ஆமாங்க, சரிங்க" என்று நானும் தலையை ஆட்டினேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

மணி மூன்று இருக்கும். முதலில் மனைவி போனாள். துணி மாற்றுகிற முன்னறையில் நான் உட்கார்ந்துகொண்டேன். "ஏனுங்க, கீழ ஓட்டை வழியா காத்து சில்லுனு வருதுங்க, காலே மரத்துப்போச்சு" என்றாள். பல் கிடுகிடுவென்று அடிப்பது எனக்குக் கேட்டது. போய், பெரிய துண்டுகள் இரண்டைச் சுருட்டி அந்தத் திறப்பில் திணித்து அடைத்தேன். யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த வாயுவின் குணம் எனக்குத் தெரியும் அல்லவா? உலகத்தில் எனக்குத்தான் தெரியும். ஆனால் கழிவுத் தொட்டி வேறு, குளிக்கிற தொட்டி வேறு என்று என் புத்தி பிரித்து வைத்திருந்தது. வெளியே வந்து கதவையும் இறுக்கிச் சாத்தினேன்.

உள்ளேயிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "முட்ட நாத்தம் மண்டைய ஒடைக்குதுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "சூடு நல்லா எறங்குதுங்க." நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். பிறகு நிதானமாக, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி சொன்னாள்: "இப்ப நாத்தமே இல்லீங்க."

எழுந்தது தெரியும். கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அதுவரை நினைவிருக்கிறது. அவள் விளிம்பில் தலையைச் சாய்த்து, வாய் தண்ணீரில் பட்டும் படாமலும் கிடந்தாள். அக்குளில் கை கொடுத்து இழுத்து, முன்னறையைத் தாண்டி, அப்படியே பனியில் கொண்டுபோய்ப் போட்டேன். "அம்மணி! அம்மணி! கண்ணு, கண்ணத் தொற!" என்று நான் கத்திய கத்தலில் பணிப்பெண் ஓடி வந்தார். தன் மேலாடையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார். கன்னத்தில் தட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு, "எனக்குத் துணி குடுங்க" என்றாள். பனியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உயிருக்கு ஒன்றுமில்லை. அறையில் அவளைப் படுக்கவைத்திருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சொந்தக்கார அம்மாள் வந்து நெற்றி பாயில் பட விழுந்தார். பின்னால் பணிப்பெண்ணும் அப்படியே. எழவே இல்லை. அம்மாள் தன் போனில் ஏதோ பேசி, அதை என் முன்னால் வைத்தார். அது தமிழில் பேசியது, ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு பெண் குரலில்.

"தங்கள் மனைவிக்கு நேர்ந்தது எங்கள் தவறு. இந்தப் பெண் காற்று வழியைத் துண்டுகளால் அடைத்துவிட்டு மறந்திருக்கிறார். இருபது ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறார். இன்றோடு நின்றுவிடுவார். மன்னியுங்கள்."

தான் அடைக்கவில்லை என்று பணிப்பெண் சொல்லவில்லை. விருந்தாளி முன்னால் மறுத்துப் பேச மாட்டார் போலிருக்கிறது. எனக்கு இந்தக் காட்சி புதிதில்லை. இப்போதும் நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா தலையை ஆட்டினால் போதும், எழுதிக்கொள்வார்கள், முடிந்துவிடும். படுக்கையிலிருந்து என் மனைவி கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தானுங்க அடைச்சுப்போட்டேன்" என்றேன். போனுக்குப் புரியவில்லை. மறுபடி பேசச் சொன்னது. பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி இரண்டாம் தடவை சொன்னேன்: "நான்தான் அடைத்தேன். அந்த அம்மாமேல் தவறு இல்லை." அது ஜப்பானியத்தில் சொன்னது. பணிப்பெண் தலையைத் தூக்கினார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். எனக்கு நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

அவர்கள் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனதும் என் மனைவி கேட்டாள். "நாத்தமில்லைன்னு நாஞ் சொன்ன ஒடனே ஓடியாந்தீங்களே. அதுதான் ஆபத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டறையில தெரிஞ்சுக்கிட்டது, அம்மணி."

"அன்னைக்கு அங்க நாத்தம் பலமா இருந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம் வந்து, நின்று, போனது. இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து பார்த்ததை, எறங்கு என்றதை, டீக்கடைக்கே போகாததை, அந்தம்மா வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றதை. திட்டு, அடி, ஏதாவது செய் என்று மனசு கெஞ்சியது.

அவள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஊருக்குப் போனதும் நான் தாராபுரம் போறேனுங்க. அந்தம்மா கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னது நானு. எம் பொய்ய நாஞ் சொல்லிப்போட்டு வாரேன். உங்களுத அப்பறம் நீங்க போய்ச் சொல்லிக்கங்க."

இருவரும் சேர்ந்தே போகலாமே, ஒரே பஸ்தானே என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள்.