முனிரத்தினத்தின் தங்கத் தோடா

அன்றைக்கு அச்சாபீசில் இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். முதலாளி நாயுடு, மிஷினை மிதிக்கும் காதர் பாய், கங்காதர நெல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த முனிரத்தினம், பிறகு நான். வாசலில் போஸ்டரைத் தின்றுகொண்டு ஒரு ஆடு நின்றது, அதைச் சேர்க்கவில்லை. நாயுடுவும் பாயும் போய் ரொம்ப வருஷமாகிறது. முனிரத்தினம் போன செய்தியைப் போன மாதம் பேப்பரில் பார்த்தேன்.

ஜலதரங்க வித்வான் காலமானார் என்று மேலே போட்டு, பக்கத்தில் ஒரு படம். நான் படத்தில் நிற்காமல் நேராக இரண்டாவது பத்திக்குப் போனேன். இருந்தது. 'ஒன்பதாவது வயதிலேயே ஜமீன்தார் ஒருவரின் முன்னிலையில் வாசித்துத் தங்கத் தோடா பரிசு பெற்றவர்.' ஓர் எழுத்துகூட மாறவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வரியை எழுதியவன் நான். ஒன்பது வயதில் முனிரத்தினம் வேர்க்கடலைக் கொல்லையில் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேப்பரை மடித்து முகத்தருகே கொண்டுபோனால் இப்போதெல்லாம் ஒரு வாசனையும் வருவதில்லை. எங்கள் அச்சாபீசில் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சோற்றில்கூட இருக்கும். சித்தூர் பஜார் தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்தது அது. நான் அங்கே எழுத்துக் கோப்பவன். நைனா தவறியதும் இரண்டாம் ஃபாரத்தோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் என்பதால், பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதியதில் கைவைக்க எனக்கு எப்போதும் பயம். எழுத்துப்பிழை என்று தெரிந்தாலும், நமக்குத் தெரியாத ஏதோ காரணம் இருக்கும் என்று அப்படியே கோத்துவிடுவேன். நாயுடு என்னை வேலைக்கு வைத்ததே அந்தக் குணத்துக்காகத்தான் என்று பாய் சொல்வார்.

நாயுடு ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். முன்பக்கம் இரண்டும் தெலுங்கு, பின்பக்கம் இரண்டும் தமிழ். ஆந்திர ராஜ்யம் பிறந்து ஓரிரு வருஷம் ஆன காலம். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாததால், இரண்டு பக்கத்துக்கும் பத்திரிகை வைத்திருந்தார். அதில் கடைசிப் பக்கத்தை நிரப்புவது சங்கீத வித்வான்கள்தான். திருப்பதியில் கச்சேரி என்றால் பத்து நாள் முன்பே மெட்ராஸிலிருந்து தபாலில் ஒரு பொட்டலம் வரும். உள்ளே வித்வானின் முகம் செதுக்கிய உலோக பிளாக், கூடவே அச்சடித்த வாழ்க்கைக் குறிப்பு. எல்லாக் குறிப்பும் ஒரே தினுசு. சங்கீதக் குடும்பம், ஐந்து வயதில் ஆரம்பம், பன்னிரண்டு வருஷம் குருகுலவாசம், கேட்டு மயங்கிய ஒரு பெரிய மனிதர். ஒரு புல்லாங்குழல்காரர் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து விலகியது வரை இருபத்துநாலு வயதிலேயே இருந்தார்.

"ஒக்க அக்ஷரம் கூடா மார்ச்சொத்து," என்பார் நாயுடு. ஓர் எழுத்தையும் மாத்தாதே. "வாள்ளு இச்சிந்தி வாள்ளதே. அவங்க குடுத்தது அவங்களோடது, தப்பு இருந்தா அவங்க தப்பு." எனக்கு அது வேதவாக்கு. தப்பு நம்முடையது இல்லை என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

முனிரத்தினம் வந்தது இந்தக் குறிப்புக்காகத்தான். திருப்பதியில் ஒரு சபாவில் வாசிக்க முதல்தடவையாகச் சம்மதம் கிடைத்திருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பக் குறிப்பு வேண்டும் என்று செகரட்டரி கடிதம் போட்டிருந்தார். முனிரத்தினத்திடம் குறிப்பும் இல்லை, எழுதித்தர ஆளும் இல்லை. நாயுடுவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "நுவ்வே ராய் ரா," நீயே எழுதுடா என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

முப்பது வயது இருக்கும் முனிரத்தினத்துக்கு. உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டேதான் சொன்னார்.

"நான் இதே சித்தூர் மிஷன் பங்களால பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன் சார். இருவத்திரெண்டு வயசு. அங்க சமையலுக்கு எஸ்தர் அக்கா. அவங்க சர்ச்சு கோயில் கீர்த்தனை பாடிக்கினே வேலை செய்வாங்க. நான் கழுவற கிண்ணத்த கரண்டியால தட்டிக்கினே இருப்பேன். ஒருநாளு அக்கா, 'டேய், நான் மோகனம் பாடறேன், நீ இன்னாடா எழவு தட்டற, அந்தக் கிண்ணத்துல ஒரு வாய் தண்ணி ஊத்து'னாங்கோ."

காதர் பாய் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஊத்தினியா?"

"ஊத்தினேன் பாய். சேந்துச்சு."

அப்புறம் எட்டு மாதமோ பத்து மாதமோ, பங்களாவில் வெள்ளைக்காரர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, இவர்கள் இரண்டு பேரும் கிண்ணங்களுக்கு அளவுபார்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். துரைசானி ஊருக்குத் திரும்பும்போது, நீலக்கோடு போட்ட பீங்கான் கிண்ணங்கள் பதினெட்டை எஸ்தருக்குக் கொடுத்தாள். எஸ்தர் அவற்றை வைக்கோல் சுற்றி முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டார். மெட்ராஸில் ஒரு வித்வானிடம் முறையாகக் கற்றது அதற்குப் பிறகுதான்.

"அக்கா பேரு வரணும் சார். வரும்னு சொல்லிட்டு வந்துகிறேன். அது ஒண்ணு வந்தா போதும்."

அவர் காபி சாப்பிட்டு வருகிறேன் என்று போனார். நான் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், நன்றாகவே வந்தது. பிறகுதான் கவலை பிடித்தது. மிஷன் பங்களா என்றால் திருப்பதியில் என்ன நினைப்பார்கள்? பாத்திரம் கழுவியவர் என்றால் டிக்கெட் வாங்குவார்களா? இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்த வித்வான் உலகத்தில் உண்டா? சமையல்காரி குரு என்று போட்டால் மெட்ராஸ் வித்வானுக்குக் கோபம் வராதா? கிடைத்த ஒரே கச்சேரியை என் எழுத்து கெடுத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

எழுதியதை அடித்தேன். எஸ்தர் போனார், பங்களா போனது, வயது போனது. எல்லாம் போனதும் பக்கம் நிரம்பவில்லை. அடியில் இரண்டு வரி காலியாக நின்றது. அந்த இரண்டு வரியில்தான் ஜமீன்தாரும், வித்வான்கள் கையில் போடும் தங்கத் தோடாவும் வந்தார்கள். ஜமீனுக்குப் பேர் வைக்கவில்லை. பேர் இருந்தால் யாராவது விசாரிப்பார்கள்.

முனிரத்தினம் திரும்பி வந்து, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். தோடாவுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது யாருது சார்?"

"எல்லாருக்கும் போடறதுதான். போட்டாத்தான் மரியாதை."

"அக்கா?"

"இடம் பத்தல."

அவர் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். "சரி சார். நாலு எழுத்துப் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா," என்றார். என்னைப் படித்தவன் என்று சொன்ன முதல் மனிதர் அவர்.

குறிப்பு எங்கள் பத்திரிகையில் வந்தது. சூளூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் வந்தது. மெட்ராஸ் தினசரி ஒன்றிலும் வந்தது. எல்லாவற்றிலும் அதே வார்த்தைகள். எல்லோரும் எங்களைப்போலவே எழுத்து மாற்றாதவர்கள்.

கச்சேரிக்கு நானும் போனேன், சங்கீதம் கேட்க அல்ல, மாட்டிக்கொள்வோமோ என்று பார்க்க. தலைமை வகித்த பெரியவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "எந்த ஜமீன் என்று இதில் போடவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கச்சேரிக்கு எங்கள் தகப்பனார் போயிருந்தார்." கூட்டம் கைதட்டியது. முனிரத்தினம் குனிந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நன்றாக வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் என் பக்கத்திலிருந்தவர் வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

முடிந்ததும் செகரட்டரி கிண்ணம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "நான் மிஷன் ஸ்கூல்ல படிச்சவன். எங்க வாத்தியாரம்மா வீட்ல இதே நீலக்கோடு கிண்ணம் உண்டு. அதுல பாயசம் தருவாங்க. உங்களுக்கு எங்க கெடச்சுது?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று.

"வாங்கினதுங்க," என்றார்.

செகரட்டரி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இருந்த இடத்தில் வைத்தார். அந்த மனிதர் எஸ்தரின் கதையைக் கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருப்பார். எனக்கு அன்று ராத்திரியே அது தெரிந்துவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து எஸ்தர் அச்சாபீசுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, கையில் துணிப்பை, நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"முனிரத்தினத்தப் பத்திப் போட்ட பேப்பரு மிச்சம் இருக்குதா தம்பி? ரெண்டு குடுங்க. ஒண்ணு திருத்தணில என் தங்கச்சிக்கு அனுப்பணும்."

கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கண் வேகமாக ஓடியது. முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கம் வேர்க்கடலை விலை.

"இதோட சரியா? மிச்சம் எதுனா வருதா?"

"இவ்ளோதாம்மா."

"அவன்தான் எழுதிக் குடுத்தானா?"

நாயுடு உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும், இல்லை அம்மா, நான்தான் என்று. என் வாய் சொன்னது: "அவங்க குடுக்கறத அப்படியே போடறதுதாம்மா எங்க வழக்கம்."

எஸ்தர் பேப்பர் இரண்டையும் மடித்தார். அதில் ஒன்றைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "ஒண்ணே போதும். பெரிய இடத்துல வாசிக்கறவன், அடுப்படி எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும். நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏன்டா, உனக்கு வாய் இல்லையா?" என்றார் பாய். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினம் என் தோளைத் தொட்டார். "அக்கா மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க சார். போனா வேலை இருக்குதுன்றாங்க. நீங்க எதுனா சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றேன். அது பொய்யுமில்லை. அதனால்தான் இத்தனை வருஷமாக அது என்னை விடவில்லை.

திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துப் பக்கம் என்று முடிவான சமயத்தில் எஸ்தர் தங்கையோடு இருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முனிரத்தினம் மெட்ராஸில் குடியேறிப் பெரிய ஆளானார். ஒருமுறை ரேடியோவில் அவர் பேட்டி வந்தபோது காதை ஒட்டவைத்துக் கேட்டேன். முதலில் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜமீன்தார் கதையைச் சொன்னார். நான் எழுதாததெல்லாம் அதில் இருந்தது, தோடாவின் எடைகூட. என்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். அவரை விலக்கியது அக்காதான் என்று கடைசிவரை நம்பியிருப்பார்.

போன மாதச் செய்தியைப் பார்த்ததும், தோடா நான் எழுதிய பொய் என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. குடும்பத்தார் தந்த குறிப்பையும் பழைய பத்திரிகைகளையும் ஒப்பிட்டே போட்டோம், எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்று.

இந்த மாதம் சித்தூருக்குப் போய்ப் பார்த்தேன். மிஷன் பங்களா இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். மிஷன் சர்ச்சில் எஸ்தரைப் பற்றி விசாரித்தேன். அந்த அம்மாவின் தகப்பன் பேர் என்ன, எந்த வீட்டுப் பெண் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. எப்படிப் பாடுவார் என்று ஒரு பெரியவர் கேட்டார், பாட்டைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று. அதுவும் தெரியவில்லை. எஸ்தர் பாடி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.