முட்டைக்கண்ணி சலவைத்தூள்

என் அக்கா செத்து ஒன்பது நாள் ஆகிறது. கடையில் போய் "முட்டைக்கண்ணி குடுங்க" என்றால் இன்னும் அரைக் கிலோ பாக்கெட் தருகிறார்கள். மேலே இரண்டு பெரிய கண்கள். அவளுடைய கண்கள். சிறுவயதில் அவளை அழவைக்க நான் வைத்த பட்டப்பெயர் அது.

தூளைக் கலந்தவள் அவள். ஒவ்வொரு கலவையையும் உள்ளங்கையில் நுரைத்துப் பார்ப்பாள். எரிந்தால் அவ்வளவையும் கொட்டிவிடுவாள். விற்றது அத்தான். "பேரில்லாத தூள எவன் வாங்குவான்?" என்று அந்தப் பட்டப்பெயரைப் போட்டதும், அதைத் தனக்கே பதிவு செய்துகொண்டதும் அவர்தான். விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்து அக்காவுடையது. புருஷன் நீட்டிய தாளை அவள் படித்துப் பார்க்கவில்லை.

விற்பனை ஏறியதும் மலிவான சோடாக் காரத்தை அள்ளிப் போட்டார். கை எரிகிறது என்றாள்.

"எரியிறது கையி, விக்கிறது கண்ணு. பேசாம இரு."

அவள் பேசாமல் கிளம்பி என் வீட்டுக்கு வந்தாள். மாடியறையில் பழையபடி நல்ல தூள் கலந்து, பழைய பெயரிலேயே கடைகளுக்குக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் வக்கீல் நோட்டீஸ். அந்தப் பெயரை அவள் பயன்படுத்தக் கூடாதாம்.

பேரும் படமும் இல்லாத பாக்கெட்டுகளோடு கடைக்குப் போனோம்.

"தூளு அதேதான்க்கா. ஆனா கண்ணு இல்லையே" என்றார் கடைக்காரர்.

அக்கா விழிகளை உருட்டிக் காட்டினாள். "இந்தா இருக்கே, போதாதா?"

"அத பாக்கெட்ல ஒட்ட முடியாதேக்கா."

சிரித்தாள். தெருமுனை வரைதான் சிரிப்பு. அதன்பின் நாலு வருஷம் வீடு வீடாக விற்றாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேர மட்டும் அவருகிட்டேருந்து வாங்கிடுடா" என்றாள். சரி என்றேன். வாங்கவில்லை. அவள் கண்களை மூடிவிட்டவன் நான்தான்.

துக்கத்துக்கு அத்தான் வந்தார். ஓரமாக அழைத்துப் போய், "மச்சான், அவ சின்ன வயசு போட்டோ ஒண்ணு குடு. பாக்கெட்டுக்குப் பின்னால போடலாம். பேரு நெலைக்கும்ல?" என்றார்.

"அந்தப் பேர எழுதிக் குடுங்க, போட்டோ தர்றேன்."

"வெளயாடாத. அது கம்பெனியோட சொத்து."

"அப்ப கம்பெனியோட கண்ணே போதும். கிளம்புங்க அத்தான்."

அவர் போனபிறகுதான் வாசல் மேசையைப் பார்த்தேன். துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக ஒரு அட்டைப்பெட்டி நிறைய இலவசச் சின்னப் பாக்கெட்டுகள். தெருக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். எல்லாம் கண்ணைத் திறந்தபடி என்னையே பார்த்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டேன்.