குறை என்னிடம் என்று செபமாலையில் சொன்னேன்

கல்யாணமாகி ஐந்து வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் பெயர் சவரிமுத்து. காரைக்குடிப் பக்கம் மானகிரியில் பள்ளிக்கூட வாத்தியார். யார் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போனாலும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்விதான். அந்தக் கேள்வியும் என் மனைவி அமலாவுக்கு மட்டும்தான். என்னை ஒருவரும் கேட்டதில்லை. நான் ஆறடி இரண்டு அங்குலம். மாதா சப்பரத்துக்கு மாலை போட ஏணி வேண்டாம், என்னைக் கூப்பிட்டால் போதும். அப்படிப்பட்ட ஆளிடம் குறை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அமலாதான் கசாயம் குடித்தாள், ஒருசந்தி விரதம் இருந்தாள், கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள்.

1995 ஏப்ரலில், கூட வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் என் காதைக் கடித்தார்: "சார், நீங்களும் ஒருக்கா காமிச்சுக்கங்க." பரீட்சைப் பேப்பர் திருத்தப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்ல எல்லாரும் இவ்வளவு உயரமா?"

"இல்ல சார், எங்க அய்யா அஞ்சரை அடிதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். மே கடைசியில் முடிவு வந்தது. எல்லாருக்கும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்குமாம். எனக்கு நாற்பத்தேழு. எக்ஸ் ஒன்று கூடுதல். நான் வளர்ந்ததும் அதனால், விந்தில் உயிரணு இல்லாததும் அதனால். பிறவியிலேயே வந்தது, யார் தப்பும் இல்லை, இதற்கு மருந்தும் இல்லை என்றார். மதுரை பஸ் ஸ்டாண்டில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதம் மறைத்தேன். அமலா கசாயம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே மறைத்தேன். அது பாவம். இதற்கிடையில், அக்டோபரில், அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "செபமாலை மாசம் முடியட்டும்டா. இவள அவ அப்பன் வீட்ல கொண்டுபோய் விடு, கொஞ்ச நாள் இருக்கட்டும்." எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கோயிலில் முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, குழந்தை இப்போது கேட்கவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் கொடும்" என்றேன்.

எங்கள் வீட்டுச் செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் ஒருவர் கருத்துச் சொல்ல வேண்டும், அதாவது எதற்காக வேண்டுகிறோம் என்று. அம்மாவின் கருத்து எப்போதும் அமலாவின் வயிறு திறக்க வேண்டும் என்பதுதான். நான் வழக்கமாக மழைக்காக வேண்டுவேன். அன்று சாயங்காலம் என் முறை வந்தது.

"குறை அமலாவுக்கு இல்ல, எனக்கு. டாக்டர் சொல்லிட்டாரு. அதைத் தாங்கிக்கிற மனசுக்காக வேண்டிக்கிருவோம்."

அடுப்பில் பால் பொங்கினாலும் எங்கள் வீட்டில் செபமாலையைப் பாதியில் நிறுத்த மாட்டோம். அம்மா என்னை முறைத்தார். வாயைத் திறந்தார். வேறு வழியில்லாமல் செபத்தைச் சொன்னார். முதல் மூன்று மணி என்னைத் திட்டுவது மாதிரியே இருந்தது. ஐந்தாவதில் குரல் இறங்கியது. பத்தாவது மணியில் அழுதுவிட்டார். கடைசிக் கருத்து அவருடையது. "அமலாவ நான் பேசுன பேச்சுக்கெல்லாம்" என்றார். அதோடு நிறுத்தி முதல் மணியை உருட்டினார்.

அமலா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சொன்னாள்: "குறைக்காகக் கோவிக்கல. அஞ்சு மாசம் என்னையக் கசாயம் குடிக்க விட்டீகளே, அதுக்குத்தான்." மீதிக் கசாயப் பொடியைக் காய்ச்சி என்னைக் குடிக்கச் சொன்னாள். குடித்தேன். சிரித்துவிட்டாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குழந்தை கேட்டோம். 1997இல் கன்னியர் நடத்திய குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆறு மாதப் பெண் குழந்தை வந்தது. பெயர் சகாயமேரி. கிறிஸ்தவர்களுக்குத் தத்து எடுக்கச் சட்டம் இல்லாததால் கோர்ட்டில் என்னைப் பாதுகாவலர் என்றுதான் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே குழந்தையை அம்மா வாங்கிக்கொண்டார். அதற்குப் பசிக்கும் வேளையில் மட்டும்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

அன்பான சகோதரர்களே, வீட்டில் தொட்டில் ஆடவில்லையென்றால் மனைவியைக் கோயிலுக்கு அனுப்புமுன் நீங்கள் போய் ரத்தம் கொடுங்கள். முடிவைச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் அதையும் ஆண்டவரிடமே கேளுங்கள். நான் கேட்ட முதல் நாளே கொடுத்தார். ஐந்து மாதமாகக் கேட்காமல் இருந்தவன் நான்தான்.