பெயிண்ட் படாத விளிம்பு

கதவின் மேல்விளிம்பை யாரும் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் பெயிண்டர் ஏணி போட்டு ஏறி அங்கேயும் ஒரு கோட் அடிப்பார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இண்டு இடுக்கு’. அப்படிக் கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் மகள் என்ஜினியர். தொலைவிலிருந்து நேர்திசை மின்னோட்டமாக வரும் உயர் அழுத்த மின்சாரத்தை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் நிலையத்தில் வேலை. மாற்றம் நடக்கும் பெரிய கூடத்துக்கு, ஒருமுறை பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தியிருந்தபோது, அவர்தான் பெயிண்ட் அடித்தார். நிலையம் மறுபடி ஓடத் தொடங்கியதும் பக்கத்துக் குடியிருப்பில் ரேடியோக்கள் கரகரத்தன. எல்லாரையும்விட அதிகம் கத்தியவர் அங்கே மகளோடு இருந்த பெயிண்டர்தான்.

“பாட்டு கேக்க விடுதா பாரு! உங்க ஆபீஸ்ல என்ன, வண்டு வளக்குறீங்களா?”

“பாக்குறேம்ப்பா.”

கையில் சின்ன ரேடியோவுடன் மகள் கூடத்தைச் சுற்றி நடந்தாள். பெரிய கதவருகே இரைச்சல் காதைப் பிளந்தது. உள்ளே எழும் மின்காந்த இரைச்சல் வெளியே கசிந்து ரேடியோக்களில் புகாதிருக்கத்தான் கூடம் முழுக்க உலோகத் தகடு. கதவை மூடினால் விளிம்பும் நிலைச்சட்டமும் உலோகத்தோடு உலோகமாய்ப் படிய வேண்டும். மின்சாரம் கடத்தாத பெயிண்ட் நடுவில் இருந்தால் அது இடைவெளி விட்டதற்குச் சமம்.

சாப்பிடும்போது கேட்டாள்.

“அப்பா, அந்தக் கதவு விளிம்புலயும் அடிச்சீங்களா?”

“அடிக்காம? மூணு கோட்டு!”

எந்த வேலையால் அவருக்குப் பெயரோ, அதையே குறை சொல்ல வேண்டும். தட்டைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

“அப்ப ரேடியோல இத்தனை நாளா கத்துனது நானா?”

“நீங்க இல்லப்பா, உங்க பெயிண்ட்டு.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. தானே சுரண்டினார். உலோகம் பளிச்சிட்டதும் அதன்மேல் டேப் ஒட்டி, மிச்சப் பகுதியை நூல் பிடித்தாற்போல் அடித்தார்.

“விடுறதையும் ஒழுங்கா விடணும்ல?”

நிலையம் ஓடியது. பாட்டும் சுத்தமாய்க் கேட்டது.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை தாங்கவில்லை.

கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க இப்போது வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஏணி மேலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“மேடம், கதவச் சுத்தி ஓரம் விட்டுப்போயிருக்கு. அடிச்சு முடிச்சிடவா?”

“வேண்டாண்ணே. அது முடிச்ச வேலை. டேப் ஒட்டிட்டு மிச்சத்த அடிங்க.”