நான்காம் மாதத்துக்கு எதிரே எழுதிய பொய்

கம்பளை கிளினிக்கில் மகனின் கார்டை மிட்வைஃப் மிஸ்ஸிடம் நீட்டினேன். பிள்ளை எந்த மாதம் என்ன செய்தது என்று அம்மாவே எழுதிவரும் கார்டு அது.

இரண்டரை மாதம் முந்திப் பிறந்தவன் அவன். ஆறு மாதமாகியும் குப்புற விழவில்லை. அதே வாரம் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழப் பார்க்கிறது. மூளையில் கோளாறு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், ‘நான்காம் மாதம் குப்புற விழுந்தான்’ என்று எழுதியிருந்தேன்.

மிஸ் அதைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

“பிறக்க வேண்டிய நாள்ல இருந்து பார்த்தா, அப்ப புள்ளைக்கு ஒன்றரை மாசம்தான். அந்த வயசுல விழாதே, மகள்.”

“பொய் எழுதிட்டேன் மிஸ்.”

அவர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து நின்றது, அவரைப் பார்த்துச் சிரித்தான்.

“இப்பதான் மூன்றரை மாசக் கணக்கு. அதுக்குச் சரியா இருக்காரு. ஆனா நெசமாவே குறை இருந்து, நான் எண்ணாம விட்டிருந்தா, இத நம்பி உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

எட்டாம் மாதம் அவன் குப்புற விழுந்தான். மிஸ் அன்று கோடு போட்டு அடித்துவிட்ட பொய் வரிக்குப் பக்கத்தில் அதை எழுதினேன். குறையும் இருந்து, அவர் எண்ணாமலும் விட்டிருந்தால் என்ற பயம், கார்டைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் வருகிறது.