பைரவர் கோவில் தூணில் நான் கட்டிவிட்டு வந்த நாய்

பைரவரை நம்பும் அன்பர்களே, எழுபத்தொரு வயதில் வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். பெருமைக்குரியது என்று ஏதாவது இதில் இருந்தால் அது அவருடையது.

சென்ற ஆடி மாதம், எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கும் சரஸ்வதி அம்மா ஒரு செவலை நாயைக் கொண்டுவந்தார். லாரியில் அடிபட்டு, பின்னங்காலில் கட்டுப் போட்டிருந்தது.

"நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சிருங்க சார். ஒரு மாசம்தான்" என்றார்.

ஒப்புக்கொண்டேன். கால் கூடிவிட்டது, ஆனால் நொண்டியது. நொண்டி நாயை யார் கேட்பார்கள்? தினமும் விளக்கேற்றி, "பைரவா, இதற்கு ஒரு வீட்டைக் காட்டு" என்று வேண்டினேன். ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று.

எனக்கு அலுத்துவிட்டது. தினமும் காலையில் வராந்தாவைக் கழுவ வெறுப்பாக இருந்தது. கூட இருக்கும் மருமகளுக்கு நாய் பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அவள் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஐப்பசித் தேய்பிறை அஷ்டமி அன்று காலை, வடக்குத்துக் கிராமத்துக்கு அப்பால் உள்ள சிறிய பைரவர் கோவிலில் பூசணி விளக்கேற்றினேன். பிறகு வெளித் தூணில் செவலையைக் கட்டினேன். நாய் அவருடைய வாகனம்தானே, அவர் பொருளை அவரிடமே சேர்த்துவிட்டேன் என்று கைகூப்பினேன். சுரங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன் நான். செய்கிற காரியத்துக்கு நல்ல பெயர் வைக்கத் தெரியும். ஸ்கூட்டரைக் கிளப்பியபோது செவலை குரைக்கவில்லை. திரும்பி வருவேன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தது.

பண்ருட்டியில் ஒரு முந்திரித் தோப்புக்காரர் எடுத்துக்கொண்டதாகச் சரஸ்வதி அம்மாவிடம் சொன்னேன்.

"பர்மனென்டா வச்சுக்குவாங்களா சார்?"

"பர்மனென்ட்தான்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று மதியத்திலிருந்து மழை வேறு விடாமல் பெய்தது. மறுநாள் விடிந்ததும் கோவிலுக்கு ஓடினேன். தூணில் பாதிக் கயிறு மட்டும் தொங்கியது.

பன்னிரண்டு நாள் தேடினேன். குள்ளஞ்சாவடி வரை போனேன். "அது உயிரோடு இருந்தால் போதும், பைரவா. நான் ஊர் முன்னால் அவமானப்பட்டாலும் சரி" என்று அழுது வேண்டினேன். அதற்கு முன் நான் அப்படி வேண்டியதே இல்லை.

மறுநாள் வடக்குத்தில் அதுவரை நான் நுழையாத ஒரு சந்தில், ஒரு வீட்டு வாசலிலிருந்து செவலை நொண்டிக்கொண்டே ஓடிவந்தது. என் கையை நக்கியது. கடித்திருக்கலாம்.

அந்த வீட்டுக்காரி அஞ்சலை, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்பவள். "யாரோ ஒரு புண்ணியவான் கோயில்ல கட்டி வுட்டுட்டுப் போய்ட்டான் சார். மழையில நனஞ்சிகினு கெடந்துச்சு. முடிச்சு அவுக்க வரல, கயித்த அறுத்து இட்டுகினு வந்தேன்" என்றாள்.

"அந்த ஆள் நான்தாம்மா. சாமிக்கு வாகனம்னு விட்டேன்."

ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வாகனம் அந்த ஸ்கூட்டருதான? அதையும் சாமிக்கு வுட்டுட்டு நடந்து போறதுதான?"

தலைகுனிந்து, கூட்டிப் போகிறேன் என்றேன்.

"வூட்ல வச்சிக்குவீங்களா, இல்ல வேற கோயிலு பாப்பீங்களா?" என்றாள். நான் செவலையின் கழுத்தைத் தடவினேன். அவள் குரல் தணிந்தது. "இங்கயே இருக்கட்டும் சார். பொண்ணக் கட்டிக் குடுத்ததுலேருந்து வூடே வெறிச்சுனு கெடக்குது."

செவலை போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

நான் மூன்று மாதம் கேட்ட வீட்டைப் பைரவர் என் கண்ணுக்குக் காட்டிவிட்டார். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. அந்த மழையில் அஞ்சலை அந்த வழியாக வராமல் இருந்திருந்தால்?

சரஸ்வதி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முடியலைன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது ஒவ்வொரு தேய்பிறை அஷ்டமியும் அந்தத் தூணருகே நிற்கிறேன். போன மாதம் ஒருவர் பையில் ஒரு நாய்க்குட்டியோடு அங்கே விட்டுப்போக வந்தார். என் கதையைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு வீடு வேண்டும் என்று விளக்கேற்றி வருகிறேன். இந்த முறை அவசரம் இல்லை.

அன்பர்களே, நீங்களும் நம்பி வேண்டுங்கள். அவர் கேட்கிறார். தாமதமானால் நாயைத் தூணுக்குக் கொண்டுபோகாதீர்கள். என் வீட்டுக்கு வாருங்கள். வராந்தாவைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.