ஊன்றாத இடது கால்

ஃபெர்மின் லகாஸ்டாவுக்கு முப்பத்து மூன்று வயது. அந்தச் சின்ன ஊர் கால்பந்து அணியில் பதினொரு வருடமாக நடுக்களம் அவனுடையது, எட்டாம் எண் சட்டையும் அவனுடையது. ஒருமுறை பெரிய அணியொன்று அவனைப் பார்த்துவர ஆள் அனுப்பியது. அன்று அடைமழை, ஆட்டம் நடக்கவில்லை. அந்த ஆள் மறுபடி வரவில்லை.

போன ஏப்ரலில் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. அணிப் பட்டியலில் இருபத்து மூன்று வயதைத் தாண்டியவர்களுக்குப் பதினாறே இடம். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அவன் தேறாவிட்டால் அவன் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவனைச் சேர்ப்பார்கள். ஒப்பந்தம் முடியும் ஜூன் வரை சம்பளம் வரும், களம் இறங்க முடியாது. அதற்குப் பிறகு தையல் போட்ட முழங்காலை யார் கூப்பிடப் போகிறார்கள்?

இருபத்தெட்டாம் தேதி பயிற்சி ஆட்டம். யாருக்கும் தெரியாமல் இரண்டு வலி மாத்திரைகளை விழுங்கியிருந்தான். சட்டை, பூட்ஸ்களைப் பார்த்துக்கொள்ளும் செமா அவனுடைய ஜோடியை நீட்டினான்.

"உள்ள ஒரு சிலந்தி குடும்பம் நடத்திட்டு இருந்துச்சுடா."

"காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உன்ன மாதிரியே அதுவும் நகரல."

நாற்பது நிமிடம் ஆடினான். அவன் தட்டிய பந்தெல்லாம் போகவேண்டிய காலுக்குப் போய்ச் சேர்ந்தது. "கிழவன் இன்னும் சாகலடா!" என்று கோல்கீப்பர் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆட்டக்காரர்கள் 'மிஸ்டர்' என்று அழைக்கும் பயிற்சியாளர் உர்பானோ அவனை ஓரமாக அழைத்துப் போனார். குளிர்காற்று காதை அறுத்தது.

"நல்லா ஆடினே."

"ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் விடுங்க, மிஸ்டர். அப்புறம் நீங்களே பாப்பீங்க."

"இடது கால ஊன்றி எத்தன தடவ திரும்பினே?"

ஃபெர்மின் பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறினான்.

"ஒரு தடவகூட இல்ல. பந்து வந்தா பின்னால தள்ளிடறே. நான் பாத்தத எதிராளி பத்தே நிமிஷத்துல பாத்துருவான்."

"கால் தாங்கும், மிஸ்டர். பயந்தான்..."

"அந்தப் பயம் ஜூனுக்குள்ள போயிருமா? நீ போகும்னு சொல்லு, உன் பேர நான் எடுக்க விடமாட்டேன்."

போகும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"தெரியல," என்றான்.

உர்பானோ அவன் தோளைத் தட்டிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட ஃபெர்மின் ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகப் பார்வையாளர் வரிசையில் ஏறினான். பதினொரு வருடமாக அங்கிருந்து அவனைத் திட்டித் தீர்த்த கிரெகோரியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரு. இனிமே யாரப் பாத்து 'ஓடுடா கோவேறு கழுதை'ன்னு கத்துவேன்?"

பார்வையாளர்கள் கொறித்துத் தோலைத் துப்பும் சூரியகாந்தி விதையை ஒரு கை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள். கீழே புது எட்டாம் எண்காரன் பந்தை வாங்கி, இடது காலை அழுத்தி ஊன்றி, சட்டென்று திரும்பினான். அரங்கமே எழுந்தது.

ஃபெர்மின் எழவில்லை. விதைகளை மொத்தமாக வாயில் போட்டு, தோலைத் துப்பத் தெரியாமல் மென்றுகொண்டே இருந்தான்.